சித்திரமும் ஓர் அமானத்தே

பசித்தவனுக்குச் சோறும், உடுக்க இல்லாதவனுக்குத் துணியும், நோயாளிக்கு மருந்தும் கொடுப்பது அறம் என்பதில் நம்மவருக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. கடை வருமானத்திலே ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி வைப்பது நம் வணிகர்களுடைய பழைய வழக்கம். ஆனால் அகதிகளுக்காகப் பாடுபடும் அமைப்புகள் இக்காலத்திலே வேறொன்றையும் கேட்கின்றன. காகிதம் வேண்டும், வர்ணக் குச்சி வேண்டும், களிமண் வேண்டும், ஊசியும் நூலும் துண்டுத் துணியும் வேண்டும், அவற்றை வைத்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் வாரம் ஒருமுறை அமைதியாக உட்கார ஓர் அறை வேண்டும் என்கின்றன.

இதைக் கேட்டு, "வயிற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு வர்ணம் எதற்கு?" என்று வினவும் பெரியவர்கள் உண்டு. மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, "அந்தப் படங்களை நம்முடைய விருந்து மண்டபத்திலே மாட்டி வைத்தால் நன்கொடை இரட்டிப்பாகுமே" என்று யோசனை கூறும் அன்பர்களும் உண்டு. இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். முன்னவருக்கு விடையளிப்பது அத்தனை கடினமன்று. பின்னவருடைய யோசனையோ பெரியதொரு தரும சங்கடத்தை எழுப்புகிறது. துன்புற்ற ஒருவர் தம் துன்பத்தை ஒரு தாளிலே இறக்கி வைத்தால் அந்தத் தாள் யாருக்குச் சொந்தம்? வரைந்தவருக்கா, தாள் வாங்கிக் கொடுத்தவருக்கா, அல்லது அதைப் பார்த்து மனம் இளக வேண்டிய உலகத்துக்கா? இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

அகதிகளிடையே வளர்ந்த வைத்தியம்

கலையைக் கொண்டு மனத்துயர் ஆற்றுவது மனித குலத்துக்குப் புதிதன்று. தாலாட்டும் ஒப்பாரியும் அதைத்தான் செய்கின்றன. அதை ஒரு வைத்திய முறையாக வகுத்ததே புதிது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய்க்காக ஒரு சானடோரியத்தில் தங்கியிருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே வரைவது தம் மனத்தைத் தேற்றுவதைக் கண்டார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரிலே காயமுற்று வந்த சிப்பாய்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். கலைவழிச் சிகிச்சை என்னும் பெயரை 1942இல் இட்டவர் அவரே.

அதே ஆண்டின் இறுதியில், வியன்னாவிலே பிறந்த யூத ஓவியரான ஃபிரிடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் அம்மையார், செக் நாட்டிலுள்ள தெரேசின் என்ற நாஜிச் சிறை நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே விடுதிகளில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு, கிடைத்த துண்டுக் காகிதங்களிலே வரையக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மனிதர்களுக்கு எண் கொடுத்து வண்டியேற்றிய இடத்திலே ஒரு பிள்ளை தன் பெயரை எழுதுவது சின்னக் காரியமன்று. 1944 அக்டோபரில் அம்மையார் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற பிள்ளைகளில் பெரும்பாலோரின் முடிவும் அதுவே. புறப்படுமுன் இரண்டு பெட்டிகளிலே மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் மட்டும் தப்பின. அவை இன்று பிராக் நகரத்து யூத அரும்பொருளகத்தில் இருக்கின்றன.

அம்மையாரின் மாணவியருள் ஒருவர் ஈடித் கிரேமர். பிராக் நகரிலே அகதிப் பிள்ளைகளுக்கு நடந்த ஓவிய வகுப்புகளில் ஆசிரியைக்குத் துணை நின்றவர். 1938இல் தாமே அகதியாகி நியூயார்க் சேர்ந்து, பிற்காலத்தில் இச்சிகிச்சையை அமெரிக்காவிலே நிலைநாட்டியவர்களுள் முக்கியமானவராக விளங்கினார். ஆகவே, இம்முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகப் பிறந்து பின்னர் ஏழைகளுக்கு இறங்கி வந்ததன்று. நோயாளிகளிடத்தும் அகதிகளிடத்தும் வளர்ந்தது.

இதைச் சர்வரோக நிவாரணி என்று எவரும் எண்ண வேண்டாம். நடந்துள்ள ஆராய்ச்சிகள் நம்பிக்கை அளிக்கின்றன. ஆயினும் அவற்றுட் பல சிறிய அளவில் நடந்தவை. ஓவிய வகுப்பு வேறு, சிகிச்சை வேறு என்பதையும் மறக்கலாகாது. பிரிட்டனில் கலைவழிச் சிகிச்சையாளர் என்ற பட்டம் சட்டத்தால் காக்கப்பட்டது. முறைப்படி பதிவு செய்யாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. சிங்கப்பூரிலும் லாசால் கலைக் கல்லூரி இதற்கென முதுகலைப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய தொழில் இது.

பேச்சு எட்டாத இடம்

நமக்கு அருகிலேயே இருக்கும் அகதிகளை எடுத்துக்கொள்வோம். அராகான் பகுதியைச் சேர்ந்த ரோஹிங்கியா மக்களைப் பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்டில் மூண்ட கொடுமையை அடுத்து ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி வங்காள தேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்கு ஓடினர். மலேசியாவிலே ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்துகொண்ட ரோஹிங்கியாக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தொண்டு அமைப்புகளும் அம்மக்களுமே நடத்தும் கல்வி நிலையங்களே அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

இப்படி வந்த ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவன் விடியுமுன் கட்டட வேலைக்கோ சந்தைக்கோ போய்விடுகிறான். அவளுக்கு மலாய் தெரியாது. வெளியே போனால் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். அவளுடைய தாய்மொழி பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வந்தது. அதற்கென ஹனிஃபி எழுத்து உருவானதே 1980களில்தான். பள்ளி வாசலை மிதித்தறியாத பெண்கள் அவர்களில் ஏராளம். இத்தகைய ஒருத்தியிடம் அதிகாரி வந்து, என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, முதலில் எது, பிறகு எது என்று வரிசையாகக் கேட்கிறார். அவள் என்ன சொல்வாள்?

பெரும் பயத்திலே பதிந்த நினைவு ஒரு கதையைப் போல ஒழுங்காக மனத்தில் தங்குவதில்லை என்று மனநூலார் கூறுகிறார்கள். புகையின் நெடி, ஒரு கூக்குரல், சேற்றிலே புதைந்த கால் என்று அது துண்டு துண்டாய்க் கிடக்கிறது. வாய் திறந்து சொல்லத் தொடங்கினால் எல்லாம் ஒன்றாய்ப் பொங்கி வந்து ஆளை அமிழ்த்திவிடுகிறது. வரையும்போது அப்படியன்று. கை மெதுவாகப் போகிறது. தாளுக்கு நான்கு ஓரம் உண்டு. வேண்டுமானால் நிறுத்தலாம். வரைந்ததை மறைக்கலாம், வேறு வர்ணம் பூசலாம், கிழித்தும் போடலாம். தன் வாழ்க்கையில் எதன் மீதும் அதிகாரம் இல்லாமற்போன பெண்ணுக்கும் பிள்ளைக்கும், அந்த ஒரு தாளின் மீதாவது அதிகாரம் கிடைக்கிறது. இச்சிகிச்சையின் பெரும்பகுதி இதுதான்.

உடன் இருப்பவருடைய கடமை அதிகம் பேசாதிருப்பது. கறுப்பு பூசினால் துக்கம், சிவப்பு பூசினால் கோபம் என்று சோதிடம் சொல்வது வைத்தியமன்று. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் அருகிலே இருக்க வேண்டும்.

தையலும் அவ்வாறே. பத்தமடையிலே கோரைப் பாய் முடையும் நம் பெண்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். முகத்துக்கு முகம் பார்த்துப் பேச முடியாத விஷயம், கண் கைவேலையில் இருக்கும்போது வாயிலிருந்து வந்துவிடும். கேட்பவளும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஊசி ஓடிக்கொண்டிருக்க, சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும்.

அரிசியா, வர்ணமா?

இனி, முதற் கேள்விக்கு வருவோம். அரிசிக்கு வைத்த பணத்தை எடுத்து வர்ணம் வாங்கு என்று எவரும் சொல்லவில்லை. அரிசி முந்தியது. ஆனால் அரிசியோடு கடமை தீர்ந்தது என்பது மனிதனை வயிறு மட்டுமாகக் காண்பதாகும்.

குறைஷிகள் நம்மைப் போன்ற வணிகர்கள். மாரியிலும் கோடையிலும் வியாபாரப் பிரயாணம் செய்தவர்கள். அவர்கள் பெயரால் அமைந்த சிறிய சூரா இறைவன் அவர்களுக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லும்போது, பசி தீர்த்ததையும் அச்சம் தீர்த்ததையும் சேர்த்தே சொல்கிறது. சோறும் அபயமும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

ஹிஜ்ரத்தின் வரலாற்றிலே இன்னொரு நிகழ்ச்சி. மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் பிலால் (ரலி) அவர்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் அவர்கள், தாம் விட்டு வந்த மக்கத்துப் பள்ளத்தாக்கின் புல்லையும் நீர்நிலையையும் மலைகளையும் பெயர் சொல்லி ஏங்கிக் கவி பாடுவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கூறினார்கள். பாட்டு எதற்கு என்று பெருமானார் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல, ஏன், அதனினும் மேலாக மதீனாவை எங்களுக்குப் பிரியமுள்ளதாக்கு என்று துஆச் செய்தார்கள். மதீனத்து அன்சாரிகள் முஹாஜிர்களுக்குத் தம் வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட்டுக் கொடுத்தவர்கள். உணவும் உறைவிடமும் கிடைத்த பின்னும் ஊர் இழந்தவரின் நெஞ்சு பாடத்தான் செய்தது. அந்தப் பாட்டுக்கு அங்கே இடமும் இருந்தது.

நம் குடும்பங்களையே பாருங்களேன். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து வெளியேறினர். வழியில் மாண்டவர் பலர். 1960களில் கடைகள் தேசியமயமானபோது மிச்சமிருந்தவர்களிலும் பெருந்தொகையினர் கப்பலேறினர். அந்த நடையைப் பற்றி மனைவி மக்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே கண்மூடிய பெரியவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களுக்குச் சோறு கிடைத்தது. மீண்டும் கடையும் அமைந்தது. உள்ளே கிடந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் மட்டும் அமையவில்லை.

உருவம் வரைவதைப் பற்றிய தயக்கமும் இவ்விடத்தில் எழும். உயிருள்ளவற்றை வரைவது கூடாது என்று கருதும் தாய்மார் ரோஹிங்கியாக்களிலும் உண்டு, நம்மிலும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது தவறு. அது சிகிச்சையையே கெடுத்துவிடும். படம் எழுதிப் பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வழி கேட்டபோது, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் கூறியது யாவரும் அறிந்ததே. ஆறு, தோணி, வாழை மரம், வீட்டின் கூரை, துணியிலே பூவேலை என எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எதை வரைவது என்று முடிவு செய்ய வேண்டியவர் வரைபவரே.

மண்டபத்தில் மாட்டலாமா?

வரைபவரே முடிவு செய்ய வேண்டும் என்னும் இந்த விதியை நாம் வரைவதற்கு மட்டும் ஏற்றுக்கொண்டு, வரைந்து முடிந்த பின் மறந்துவிடுகிறோம்.

காட்டுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சூடான் நாட்டு டார்பூரிலிருந்து சாட் நாட்டுக்கு ஓடி வந்த குடும்பங்களை 2005இல் மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பினர் சந்தித்தார்கள். பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளைகள் சும்மா இருக்கட்டுமே என்று காகிதமும் வர்ணக் குச்சியும் கொடுத்தனர். இன்னதை வரை என்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைகளோ குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்த கொலைகாரரையும், குண்டு போட்ட விமானத்தையும், தீப்பற்றிய குடிசையையும் வரைந்தார்கள். 2007இல் அதே முகாம்களிலே வேறோர் அமைப்பு திரட்டிய சுமார் 500 சித்திரங்கள், ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் அளிக்கப்பட்டு, நடந்தவற்றின் சூழலைக் காட்டும் சான்றாக ஏற்கப்பட்டன. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் உலகம் அறிந்திருக்குமா? தெரேசின் பிள்ளைகளின் படங்களைக் காட்டாமல் விட்டிருந்தால் அப்பிள்ளைகள் இருந்ததே தெரியாமற் போயிருக்குமே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் சாட்சி சொல்வது வேறு, மண்டபத்தை அலங்கரிப்பது வேறு. சாட்சி சொல்பவர் தாம் சாட்சி சொல்வதை அறிந்து சொல்கிறார். கேட்பவருக்கும் ஒரு கடமை பிறக்கிறது; குற்றவாளியைத் தேட வேண்டும். விருந்து மண்டபத்திலோ, பிரியாணிக்கும் சொற்பொழிவுக்கும் நடுவே நாம் அப்படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். பிள்ளைக்கு அது தெரியாது. நம் கலக்கம் அதன் வழக்கை ஓரங்குலமும் நகர்த்துவதில்லை.

"தாயிடம் சம்மதம் கேட்டோம், அவளும் சரியென்றாள்" என்பார்கள். வணிகர்களாகிய நாம் இதை நன்றாகச் சிந்திக்க வேண்டும். கடன்காரன் கழுத்தை நெரிக்கும் நாளில் ஒருவன் தன் நகையைப் பாதி விலைக்கு விற்கச் சம்மதிக்கிறான். கையெழுத்தும் போடுகிறான். அந்தச் சம்மதத்தை நேர்மையான வியாபாரி முழுச் சம்மதமென்று மதிப்பானா? நெருக்கடியில் இருப்பவனுடைய இசைவைச் சாக்காக வைத்துக்கொள்வது இழிவு என்று நம் பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். எந்தச் சங்கத்திலிருந்து மாதாமாதம் அரிசி வருகிறதோ, அந்தச் சங்கத்துத் தலைவர் முன்னால் நின்று, வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஓர் அகதிப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்?

அன்றியும், காட்டுவது மருந்தையே கெடுக்கிறது. பிள்ளைகள் கூர்மையானவர்கள். எரியும் வீட்டை வரைந்தபோது அயலார் சூழ்ந்து நின்று படம் பிடித்தார்கள், பட்டம் வரைந்தபோது எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அடுத்த வாரம் எத்தனை பிள்ளைகள் பட்டம் வரையும்? தனக்காக வரைந்தது போய், நமக்காக வரைதல் தொடங்கிவிடும். எந்த நினைவிலிருந்து அப்பிள்ளை விடுபட வேண்டுமோ, அந்த நினைவிலேயே அதை இருத்தி வைக்க நாம் கூலி கொடுத்தவர்களாவோம்.

மட்டக்களப்பிலே 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை இங்கே நினைவுகூர வேண்டும். போரும் வகுப்புக் கலவரமும் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரையொருவர் அஞ்சும்படி செய்திருந்த காலம் அது. பால் ஹோகன் என்ற கனடா நாட்டுக் கலைஞர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அமைத்த அப்பூங்காவில், இரு சமூகத்துப் பிள்ளைகளும் கூடிக் களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். இழப்பை வரைந்து காட்டினால்தான் ஆறுதல் என்ற கட்டாயம் பிள்ளைகளுக்கு இல்லை. குண்டு வரையவும் உரிமை வேண்டும். பூ வரையவும் உரிமை வேண்டும்.

பெயரும் இதிற் சேர்ந்தது. தெரேசினில் பெயரெழுதுவது மானத்தைக் காத்தது. ரோஹிங்கியாப் பெண்ணுக்கோ, பெயரும் ஊரும் போட்ட ஒரு படம் இன்னும் அராகானில் இருக்கும் உறவினருக்கு ஆபத்தாக முடியலாம். பெயரை எழுதுவது சரியா, மறைப்பது சரியா என்பதற்கு எங்கும் பொருந்தும் விடை இல்லை. யாருடைய பெயரோ அவரே சொல்ல வேண்டும்.

கொடுத்து வைத்த முடிச்சு

சபராளிகளாய் வந்த நம் முன்னோர் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் போகிறவர் தம் பணத்தையும் நகையையும் ஒரு துணியில் முடிந்து, நம்பிக்கையான கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார். ரசீது கிடையாது. கடைக்காரர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அவிழ்த்துப் பார்க்க மாட்டார். வியாபாரம் நெருக்கடியில் இருந்தாலும் அதை எடுத்துப் புரட்ட மாட்டார். உரியவர் வந்து கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுப்பார். "இன்னாரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியனுப்பினால் காட்டுவார். முடிச்சு தம் கடையில், தம் பெட்டியில், தம் பூட்டுக்குள் இருப்பதால் தம்முடையதாகிவிட்டது என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அமானத்து என்பது இதுதான்.

சிகிச்சை அறையிலே பிறந்த சித்திரமும் அத்தகைய முடிச்சே. தாள் நாம் வாங்கியது, அறை வாடகை நாம் கொடுத்தது, ஆசிரியைக்குச் சம்பளமும் நாம் தந்தது. இவற்றால் சித்திரம் நமதாகிவிடாது. தெரேசின் பிள்ளைகளைப் போல உரியவரே இல்லாமற் போன இடத்தில், அவர்கள் எழுதி வைத்த பெயரோடு, அவர்கள் நினைவைக் காப்பதற்காகக் காட்டுவது அமானத்தை நிறைவேற்றுவதே ஆகும். உரியவர் உயிரோடு இருக்கும்போது அவ்வுரிமை நமக்கில்லை.

"அப்படியானால் நன்கொடை குறையுமே, அறையே மூடிப்போனால் பிள்ளைகளுக்குத்தானே நஷ்டம்?" என்பது கடைசி ஆட்சேபம். குறையலாம்தான். அந்த நஷ்டம் மெய்யானது. ஆனால் நாம் வணிகர்கள். சரக்குக்குக் கடன் கொடுக்கும்போது ஒருவனுடைய புண்ணைப் பார்த்தா கொடுக்கிறோம்? அவனுடைய பேரேட்டைப் பார்த்துக் கொடுக்கிறோம். இங்கேயும் பேரேட்டைக் கேட்போம். எத்தனை வாரம் அறை திறந்தது, எத்தனை தாய்மார் வந்தார்கள், தொடர்ந்து வந்தவர் எத்தனை பேர், ஆசிரியைக்கு என்ன தகுதி, காகிதத்துக்கும் துணிக்கும் என்ன செலவு என்று கேட்டு, கணக்குச் சரியாக இருந்தால் கொடுப்போம். கண்ணீரைக் காட்டினால்தான் பணப்பெட்டி திறக்கும் என்றால், குறை அந்தப் பிள்ளையிடத்திலன்று, பணப்பெட்டிக்காரரிடத்தில்.

விற்பதும் தனிக் கணக்கு

தையல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. லாவோஸிலிருந்து 1975க்குப் பின் மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்த ஹ்மோங் மக்களின் பெண்கள், பரம்பரையாகத் துணியிலே கோலம் போன்ற வேலைப்பாடுகள் செய்தவர்கள். முகாமிலே அத்துணிகள் கதை சொல்லத் தொடங்கின. போரும், ஓட்டமும், ஆற்றில் தத்தளிப்பும் நூலாலே வரையப்பட்டன. தொண்டு அமைப்புகள் அவற்றை மேல்நாட்டிலே விற்றுக் கொடுத்தன. குடும்பங்களுக்கு வருமானம் கிடைத்தது. அது நல்ல காரியமே. ஆனால் வாங்குவோரின் ருசிக்கேற்ப வர்ணங்கள் மங்கின. துணியிலே ஆங்கில எழுத்துகளும் ஏறின. சந்தைக்குச் செய்யும் பொருள் சந்தையைப் பார்த்துத்தான் மாறும். அதில் பாவம் ஒன்றுமில்லை. நாமும் அதைத்தானே தினமும் செய்கிறோம்?

ஆனால் அதைச் சிகிச்சை என்ற பெயரிலே செய்யக் கூடாது. விற்பனைக்குச் செய்வதை விற்பனைக்கென்றே செய்யட்டும். அதற்குரிய நல்ல விலையும் லாபமும் செய்தவள் கைக்கே போகட்டும். நெஞ்சாறத் தைத்ததை அவள் வீட்டுக்குக் கொண்டு போகட்டும், அல்லது அறையிலே பூட்டி வைக்கட்டும். பள்ளிவாசல் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பெட்டியில் போடாத நமக்கு, இந்த இரண்டையும் பிரித்து வைப்பது கடினமாக இராது.

செய்யத்தக்கவை

இத்தகைய அறைக்கு உதவ முன்வரும் சங்கம் சிலவற்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். முறையாகப் பயின்ற ஒருவர், கூடுமானால் பெண்மணி, நடத்த வேண்டும். பெண்கள் திரைமறைவு பேண விரும்பினால் அதற்கு வசதி வேண்டும். அவர்கள் மொழி பேசும் ஒருத்தி உடன் இருக்க வேண்டும். அவளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். நன்கொடையாளர் பார்வையிட வரும் நாள் வேறு, அறை நடக்கும் நாள் வேறாக இருக்க வேண்டும். சித்திரங்கள் வரைந்தவரிடமே திரும்ப வேண்டும். யாராவது தம் படத்தைத் தாமாகவே உலகுக்குக் காட்ட விரும்பினால், அவர் நமக்கு எவ்விதத்திலும் கடமைப்படாத ஒருவர் மூலம் அதைச் சொல்லட்டும். சொன்ன பின் மனம் மாறினால் மறுகேள்வியின்றி இறக்கிவிட வேண்டும். ஓராண்டு நடத்திவிட்டு நிறுத்துவதைக் காட்டிலும், சிறிய அளவில் மூன்றாண்டு நடத்துவது மேல்; பழகிய முகம் திடீரென மறைவது அப்பிள்ளைகளுக்குப் புதிய அனுபவமன்று.

நாம் இந்நாடுகளுக்கு வந்தபோது நம் கையிலே கொடுத்து வைத்த முடிச்சுகளை நம்பிக்கையோடு காத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய நாணயத்தின் மேல்தான் நம் கடைகள் எழுந்தன. இன்று ஓர் அகதிச் சிறுமி தாளை மடித்து ஆசிரியையின் கையிலே கொடுக்கிறாள். பார்க்கத் துடிக்கும் நம் கண்ணை ஒரு கணம் தாழ்த்திக்கொண்டு, அடுத்த மாதத்துக் காகிதத்துக்கான பணத்தைக் கட்டிவிட்டு வருவோமாக!